இரண்டு இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ்

“மாமா, எங்க கம்பெனியில ஒரு ஹெலிகாப்டர் இருக்கு. என்னைவிடப் பதினஞ்சு வயசு மூத்தது. அதோட செலவுக் கணக்கை எழுதியே எனக்குக் கை வலிக்குது. வித்துத் தொலைச்சா என்னன்னு கேட்டா முதலாளி சிரிக்கிறார்.”

அக்கா மகன் கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஒரு சின்ன ஹெலிகாப்டர் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவனுக்கு டீயைக் கொடுத்துவிட்டு என்ன மாடல் என்று கேட்டேன். பெல் 212 என்றான். அப்படியானால் முதலாளி சிரித்ததில் நியாயம் இருக்கிறது என்றேன். ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் ஒரு டீயோடு முடியாது. அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வியட்நாம் போர்ப் படங்களில் வரும் ‘ஹியூயி’ ஹெலிகாப்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் இரட்டை இன்ஜின் வாரிசுதான் பெல் 212. 1968-ல் கனடா ராணுவம் 50 கேட்டது. அமெரிக்க ராணுவமும் சேர்ந்துகொண்டது. இன்ஜின் கனடாவில், கியூபெக்கின் லாங்கேயில் நகரத்தில் தயாரானது. வியட்நாம் போரில் நம்மோடு நிற்காத நாட்டின் இன்ஜினை நாம் ஏன் வாங்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மெண்டல் ரிவர்ஸ் என்ற உறுப்பினர் முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1970-ல் தனியார் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது. 1988-ல் தயாரிப்பே கியூபெக்கின் மிராபெலுக்குப் போனது. 1998-ல் நின்றது. அதாவது, உலகத்தில் இருக்கிற மிக இளைய பெல் 212-க்கே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

ஒரு பைலட்டும் 14 பேரும் உட்காரலாம். நிறைசுமையோடு 5,080 கிலோ. ரோட்டரின் விட்டம் 14.6 மீட்டர், பிளேடு இரண்டே இரண்டு. சக்கரம் கிடையாது, சறுக்குக் கட்டைகள்தான். பக்கவாட்டுக் கதவை முழுதாகத் தள்ளித் திறந்தால் ஒரு தீயணைப்புக் குழு மண்வெட்டி, மோட்டார் ரம்பத்தோடு ஏறிக்கொள்ளலாம். அடிவயிற்றுக் கொக்கியில் 2,268 கிலோ வரை தொங்கவிடலாம். காட்டுத் தீக்குத் தண்ணீர் வாளி தொங்குவது அந்தக் கொக்கியில்தான்.

“ரெண்டு இன்ஜின் இருக்கிறதால ரெண்டு மடங்கு பாதுகாப்பு, இல்லையா மாமா?”

இந்த ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் தெரிந்தால் செலவுக் கணக்கில் பாதி புரிந்த மாதிரி.

பெல் 212-ன் இன்ஜினுக்கு ட்வின்-பேக் என்று பெயர். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டர்பைன்கள். ஒவ்வொன்றிலும் காற்றை அமுக்கும் பகுதி நிமிடத்துக்கு சுமார் 38,000 சுற்று சுற்றுகிறது. அமுங்கிய காற்றில் எரிபொருள் எரிந்து, அந்தச் சூடான வாயு பின்னால் தனியாக இருக்கும் இன்னொரு டர்பைனை 33,000 சுற்றில் சுழற்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தண்டுத் தொடர்பு இல்லை. வாயு மட்டும்தான் தொடர்பு. இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் சக்தி ஒரு கூட்டு கியர்பாக்ஸில் சேர்கிறது. அங்கே வேகம் ஐந்தில் ஒன்றாகி, 6,600 சுற்றில் ஒரே தண்டாக வெளியே வருகிறது. அது முதன்மை கியர்பாக்ஸுக்குள் போய், கடைசியில் தலைக்கு மேல் ரோட்டர் நிமிடத்துக்கு 324 சுற்றாகச் சுற்றுகிறது.

ஒரு இன்ஜின் நின்றால் என்ன ஆகும்? கூட்டு கியர்பாக்ஸில் இரண்டு பக்கமும் ஒருவழி கிளட்ச் உண்டு. செத்த இன்ஜினை மற்றது இழுத்துக்கொண்டு அலையாது, தானாக விலக்கிவிடும். இன்ஜின்கள் இரண்டும் சேர்ந்து 1,800 குதிரைத்திறன் தரக்கூடியவை. ஆனால் முதன்மை கியர்பாக்ஸ் தாங்குவது 1,290 மட்டுமே. மீதி எதற்கு என்று கேட்டான். உயரமான மலையிலும் கொளுத்தும் வெயிலிலும் காற்று மெலிந்து இன்ஜின் பலம் குறையும். அப்போதும் கியர்பாக்ஸ் கேட்கிற 1,290-ஐக் கொடுக்க அந்த மிச்சம் வேண்டும். ஒன்று நின்றுபோனால் மற்றது இரண்டரை நிமிடத்துக்கு 1,025 வரையும், அரை மணி நேரத்துக்கு 970 வரையும் கொடுக்க அனுமதி உண்டு. முழுச் சுமையோடு அந்தரத்தில் நிற்க அது போதாமல் போகலாம். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு முன்னோக்கிப் பறந்து, தரையிறங்க இடம் தேடப் போதும்.

ஆக, இன்ஜின் விஷயத்தில் இரட்டைப் பாதுகாப்பு நிஜம். ஆனால் கூட்டு கியர்பாக்ஸுக்கு அப்புறம் எல்லாமே ஒன்றுதான். முதன்மை கியர்பாக்ஸ் ஒன்று. ரோட்டரைத் தாங்கும் தண்டு, மாஸ்ட், ஒன்று. ரோட்டர் ஹப் ஒன்று. வால் ரோட்டருக்குப் போகிற தண்டு, நடுநடுவே பேரிங்குகளில் தாங்கி, 42 டிகிரி கியர்பாக்ஸில் வளைந்து மேலேறி, 90 டிகிரி கியர்பாக்ஸில் திரும்பி முடிகிறதே, அந்த வரிசையும் ஒன்றுதான். இவற்றில் எது போனாலும் மாற்று கிடையாது. மாற்று இல்லாத இடத்தில் உடையும் முன்பே கழற்றிவிடுவது ஒன்றுதான் வழி. நல்ல நிலையில் இருக்கிற பாகத்தை, நல்ல நிலையில் இருக்கும்போதே, குப்பையில் போடுவது. கணக்குப்பிள்ளைக்கு வயிறு எரிகிற இடம் இது.

இப்படி மணிக்கணக்கு முடிந்ததும் தூக்கி எறிய வேண்டிய பாகங்கள் ஹெலிகாப்டரில் நிறைய. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி அட்டை. எந்த மெஷினில் எந்தத் தேதியில் ஏறியது, எத்தனை மணி ஓடியது, எப்போது இறங்கியது என்று பிறந்ததிலிருந்து எழுதி வர வேண்டும். ஒரு பாகத்தின் ஆயுள் 5,000 மணி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாம் வாங்கும்போது அது 4,600 மணி ஓடியிருந்தால் நமக்கு வந்தது 400 மணி மட்டும். வருடம் 200 மணி பறந்தால் இரண்டாம் வருடக் கடைசியில் புதுசு போட வேண்டும். விளம்பரத்தில் “விலை குறைவு” என்று நிற்கிற மெஷினில் இப்படி நாலைந்து பாகங்கள் ஒரே நேரத்தில் கடைசி மூச்சில் இருக்கும். விற்கிறவருக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் விற்கிறார்.

மணிக்கணக்கும் முழுக் கதையைச் சொல்லாது. ஏறி ஒரே மூச்சாகப் பறந்து இறங்கிய ஒரு மணியும், மலைச்சரிவில் வெட்டிய மரங்களைத் தூக்கித் தூக்கி இறக்கிய ஒரு மணியும் மாஸ்ட்டுக்கு ஒன்றல்ல. ஒவ்வொரு தூக்கலிலும் அது முறுக்கப்பட்டுத் தளர்கிறது. உலோகம் சோர்வது எத்தனை நேரம் சுமந்தது என்பதைவிட எத்தனை முறை முறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதனால் பெல் நிறுவனம் மாஸ்ட் போன்ற பாகங்களுக்கு மணியோடு சேர்த்து இன்னொரு எண்ணிக்கையும் வைத்தது. ஒவ்வொரு புறப்பாடும், வெளியே தொங்கவிட்டுத் தூக்கிய ஒவ்வொரு சுமையும் புள்ளிகளாகச் சேரும். புள்ளி வரம்பைத் தொட்டால், மணி எவ்வளவு மிச்சமிருந்தாலும் பாகத்துக்கு ஓய்வு. மேற்குக் கனடாவில் மரம் தூக்கிய மெஷினை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. பைலட் மாலையில் களைப்போடு, “இன்னிக்கு ஒரு எழுபது தூக்கு இருக்கும்” என்று உத்தேசமாக எழுதியிருந்தால் அதை நம்பித்தான் நாமும் பறக்க வேண்டும்.

“சரி மாமா, புது பாகம் போட்டாச்சுன்னா நிம்மதிதானே?”

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இவன் வேலை பார்க்கும் அதே மாகாணத்தில் நடந்தது.

பெல் 212-ன் பிளேடு சுற்றும்போது அதை வெளியே பிடுங்கி எறியப் பார்க்கும் விசை பல பத்து டன். நுனி மணிக்கு 890 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் சும்மாவா? அந்தப் பிளேடை ஹப்போடு பிடித்து வைத்திருப்பது ஒரு பட்டை. பிளேடு தன் கோணத்தை மாற்றிக்கொள்ள முறுக்கிக்கொடுக்கவும் வேண்டும், அவ்வளவு டன் இழுவையைத் தாங்கவும் வேண்டும். அந்தப் பட்டையின் வெளிமுனையை பிளேடோடு இணைப்பது ஒரு பின். கைக்குள் அடங்குகிற உலோகத் துண்டு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்களே, அந்த அச்சாணி இதுதான்.

2021 ஜூன் 28-ல் ஆல்பர்ட்டாவின் எவன்ஸ்பர்க் அருகே, காட்டுத் தீப் பணியில் இருந்த ஒரு பெல் 212-ல் அந்தப் பின் முறிந்தது. ரோட்டர் கழன்று போனது. தனியாக இருந்த பைலட் இறந்துபோனார். முறிந்த பின் பழசல்ல. பொருத்தி 20 மணி நேரம்தான் பறந்திருந்தது. அதே தயாரிப்பாளரின் பின்கள் எந்த மெஷினில் இருந்தாலும் அடுத்த பறப்புக்கு முன் கழற்ற வேண்டும் என்று கனடா போக்குவரத்துத் துறை சில நாட்களுக்குள் அவசர உத்தரவு போட்டது, அமெரிக்காவும் போட்டது. வயதானதால் விழவில்லை, புதிதாக வந்த பாகத்தால் விழுந்தது என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். பழைய மெஷின் என்றாலே ஆபத்து என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பழைய மெஷின் நேராக ஆபத்தைக் கொண்டுவருவதில்லை. பாகம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை வருடா வருடம் கடினமாக்குகிறது. ஹியூயி குடும்பத்தில் உலகம் முழுக்க 16,000-க்கும் மேல் தயாரானதால் ராணுவக் கிடங்குகளிலிருந்து கழிந்து வந்த பாகங்கள் சந்தையில் ஏராளம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ராணுவத்தில் அது எத்தனை மணி ஓடியது, எந்த மெஷினில் விழுந்து எழுந்தது என்ற வரலாறு இல்லாவிட்டால், சிவில் ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை அது பழைய இரும்பு. எத்தனை மலிவாகக் கிடைத்தாலும்.

அந்தப் பட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்கு மணிக்கணக்கோடு மாதக்கணக்கும் இருக்கிறது. ஹெலிகாப்டர் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு சும்மா நின்றாலும் நாள் முடிந்தால் மாற்றியாக வேண்டும். ரப்பர் குழாய்கள், தீயணைப்பு பாட்டில்கள் எல்லாமே இந்த ரகம். “ஓட்டாமல் வைத்தால் செலவில்லை” என்பது கார்க்காரர் நினைப்பு.

இன்ஜினுக்கு வருவோம். டர்பைன் உழைப்பாளி, ஒழுங்காக நடத்தினால் ஆயிரக்கணக்கான மணி பேசாமல் ஓடும். அதைக் கெடுக்கச் சில விநாடி போதும், அதுவும் பெரும்பாலும் ஸ்டார்ட் பண்ணும்போது. ஸ்டார்ட்டர் முதலில் கம்ப்ரஸரைச் சுற்ற வேண்டும். போதிய காற்று உள்ளே வந்த பிறகு எரிபொருள் விட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் கம்ப்ரஸர் மந்தமாகச் சுற்றும். காற்று குறைவு, எரிபொருள் வழக்கம்போல். தீயை ஆற்றக் காற்று இல்லாமல் வெப்பமானி முள் விருட்டென்று மேலேறும். பைலட் அதைப் பார்த்து எரிபொருளை வெட்டுவதற்குள் டர்பைன் இதழ்கள் தாங்கும் வெப்பத்தைத் தாண்டியிருக்கும். அப்புறம் இன்ஜினைக் கழற்றி, பிரித்து, சோதித்து... இந்த மொத்தச் செலவும் ஒரு பேட்டரியை ஆறு மாதம் கூடுதலாக ஓட்டலாம் என்று நினைத்ததால் வருவது. நான் பார்த்த முதலாளிகளில் கெட்டிக்காரர்கள் பேட்டரியில் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. வெளியூர் முகாமில் குளிர்காலக் காலை என்றால், தரையில் வைக்கிற தனி மின்வண்டியைச் செருகித்தான் ஸ்டார்ட் செய்வார்கள்.

கியர்பாக்ஸ் பேசுகிற மொழி வேறு. ஒவ்வொரு கியர்பாக்ஸின் அடியிலும் ஒரு சின்னக் காந்த பிளக் இருக்கும். எண்ணெயில் மிதந்து வரும் உலோகத் துகளைப் பிடித்துக்கொள்ளும். துகள் சேர்ந்து முனைகளை இணைத்தால் பைலட்டின் முன்னால் விளக்கு எரியும். மெக்கானிக் அந்த பிளக்கைக் கழற்றி, வெள்ளைத் துணியில் துடைத்து, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மிருதுவான, பஞ்சு போன்ற சாம்பல் நிறப் பொடி என்றால் பல்லோடு பல் உரசிய சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். செதில் செதிலாக, விளிம்பு கூர்மையாக, ஒரு பக்கம் பளபளவென்று இருந்தால் பேரிங் உரிகிறது என்று அர்த்தம். அந்த மெஷின் அன்று பறக்காது, சில சமயம் மாதக்கணக்கில் பறக்காது. துணியில் கிடக்கிற அந்தத் துகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அதை வைத்து ஒரு சீசன் வருமானத்தை நிறுத்துகிற முடிவை ஒரு மெக்கானிக் எடுக்கிறார். “பொடிதான், மாட்டு” என்று முதலாளி தோளில் தட்டும்போது மாட்ட மறுக்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரைச் சம்பளம் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதிர்வு பற்றிச் சுருக்கமாக. இரண்டு பிளேடு என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு உலுக்கல், விநாடிக்குப் பத்துக்கு மேல். பிளேடு இரண்டும் ஒரே தளத்தில் ஓடும்படி அடிக்கடி திருத்தாவிட்டால் பைலட்டின் முதுகுக்கு முன்பே கருவிகள் கெட்டுப்போகும், ரிவெட்டுகள் தளரும், விரிசல் விடும். இதே மெஷினுக்கு நாலு பிளேடு போட்டு பெல் 412 என்று பின்னர் கொண்டுவந்தார்கள். சொகுசு கூடியது, ரோட்டரின் செலவும் கூடியது. இரண்டு பிளேடில் ஒரு சௌகரியம்: முன்னும் பின்னுமாகத் திருப்பி நிறுத்தினால் ஒடுங்கின கொட்டகைக்குள்ளும் நுழைந்துவிடும்.

எரிபொருள் மணிக்கு சுமார் 380 லிட்டர். வருடம் 200 மணி பறந்தால் 76,000 லிட்டர். இது கண்ணுக்குத் தெரிகிற செலவு என்பதால் யாரும் ஏமாறுவதில்லை.

“இவ்வளவு தொல்லைன்னா ஏன் இன்னும் வெச்சிருக்காங்க?”

வேலை இருக்கிறது, அதனால். கனடாவின் காட்டுத் தீ ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு விதமாகக் காசு தருகின்றன: தயாராக நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை, பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகை. கோடைக்காலம் முழுக்க மெஷின் நிற்கும், பறக்கும். பனிக்காலத்தில் பட்டறைக்குள் போய்ப் பெரிய சோதனைகளை முடித்துக்கொண்டு வசந்தத்தில் வெளியே வரும். தீ எரிகிற ஜூலை மாதத்தில் பழுதாகி நின்றால்தான் நஷ்டம். அதனால் கெட்டிக்கார நிறுவனம் இன்னும் 60 மணி மிச்சமிருக்கிற பாகத்தைக்கூட மார்ச்சிலேயே மாற்றிவிடும். உன் கண்ணுக்கு அது 60 மணி வீண். முதலாளி கண்ணுக்கு ஜூலையில் ஒரு வாரம் மிச்சம் என்றேன். கணக்குப்பிள்ளை அந்த இடத்தில் கொஞ்சம் மௌனமானான்.

வாங்கும் விலையும் ஒரு காரணம். இதே வேலைக்குப் புதிதாக ஒரு இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர் வாங்கினால் வட்டியே தூங்கவிடாது. பழசுக்கு வட்டி இல்லை, பட்டறைச் செலவு உண்டு. எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த மெஷின். எங்கே விரிசல் விடும், எங்கே எண்ணெய் கசியும் என்று அரை நூற்றாண்டாகப் பார்த்துப் பழகியது. இரண்டு இன்ஜினையும் பராமரிக்கிற செலவில் சலித்தவர்களுக்கு ஒரு வேடிக்கையான வழியும் வந்தது: கால்கரியின் ஈகிள் காப்டர்ஸ் நிறுவனம் பெல் 212-ன் இரட்டை இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஹியூயியின் பழைய டி53 குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றை இன்ஜினைப் பொருத்தி ‘ஈகிள் சிங்கிள்’ என்று கொடுத்தது. எடை குறைந்து, தூக்கும் சுமை கூடியது. இரண்டாவது இன்ஜினுக்காகவே பிறந்த மாடலிலிருந்து அதை எடுக்கக் காசு கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பாதுகாப்புக்கு மாதா மாதம் என்ன விலை என்று பாருங்கள். நகரத்துக்கு மேலோ கடலுக்கு மேலோ ஆட்களை ஏற்றிப் பறப்பவருக்கு இந்தச் சிக்கனம் சரிப்படாது.

கடல் என்றதும் இலங்கை ஞாபகம் வருகிறது. அந்நாட்டு விமானப்படை பெல் 212-களைப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கிறது. 80-களிலும் 90-களிலும் வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்த ரோட்டர் சத்தம் இனிய நினைவு அல்ல. துப்பாக்கி பொருத்திய 212-கள் அவர்கள் தலைக்கு மேல் பறந்தன. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது தீயணைப்புப் பொடியைக் கொட்டப் போனதும் இதே மாடல்தான். அப்படி உப்புக் காற்றில் பறந்து வருகிற மெஷினை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், கம்ப்ரஸருக்குள்ளும் தண்ணீர் செலுத்திக் கழுவ வேண்டும். முதன்மை கியர்பாக்ஸின் உறை மக்னீசியக் கலவை; லேசாகப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் உப்பு உட்கார்ந்தால் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். கடலோரத்தில் இருந்து விற்பனைக்கு வருகிற மெஷின் என்றால், பளபளப்பான புதுப் பெயிண்ட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான் வரும். அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்க அனுமதிக்காதவரிடம் பேச்சு வேண்டாம்.

வாங்குகிற எண்ணம் இருப்பவர் இரண்டு நாள் ஒதுக்கி, மெஷினைத் தொடுவதற்கு முன் அட்டைகளை மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டும். எண் அட்டையிலும் பாகத்திலும் ஒன்றாக இருக்கிறதா, நடுவில் எங்கேயாவது வருடங்கள் காணாமல் போயிருக்கின்றனவா, தூக்கிய சுமைகளின் கணக்கு வேலைக்குப் பொருத்தமாக இருக்கிறதா, அரசு போட்ட ஒவ்வொரு பாதுகாப்பு உத்தரவுக்கும் கையெழுத்து இருக்கிறதா. மிச்சமிருக்கும் மணிகளைப் பாகம் பாகமாகக் கூட்டி, அடுத்த ஐந்து வருடத்தில் எது எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் போட்டால், விற்கிறவர் சொல்கிற விலை சரியா என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அவனுடைய நிறுவனத்திலும் அப்படி ஒரு தாள் இருக்கும், ஊருக்குப் போனதும் கேட்டு வாங்கிப் பார் என்றேன்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். நிச்சயமான ஒப்பந்தமும், சொந்தமாக இரண்டு நல்ல மெக்கானிக்குகளும், பனிக்காலம் முழுக்க மெஷினைப் பிரித்துப்போட ஒரு கொட்டகையும் இருப்பவருக்கு பெல் 212 இன்னும் பல வருடம் சோறு போடும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்க வேண்டாம். வேண்டும்போது மணி வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.